'ரொம்ப' என்று தோன்றும் இடத்தில் எல்லாம் 'வெரி' போடலாமா?

மலையகத்துத் தமிழர் ஆங்கிலம் பேசும்போது, மனத்தில் 'ரொம்ப' என்று எழுகின்ற இடத்தில் எல்லாம் நாக்கு 'வெரி' என்று சொல்லிவிடுகிறது. பல இடங்களில் அது சரியாகவே அமைந்துவிடுவதால், சரியில்லாத இடங்களில் கேட்பவர் ஏன் ஒரு கணம் தடுமாறுகிறார் என்பது பேசுபவருக்குப் புலப்படுவதில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிப் பழகும் மாணவருக்கும், எல்லவிலோ நுவரெலியாவிலோ விடுதி வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருப்பவருக்கும், அரச அலுவலகம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியவருக்கும் இந்தச் சொல்லில் ஏறத்தாழ ஒரே வகையான பிழைகளே நேர்கின்றன.

நாம் அன்றாடம் பேசுகின்ற ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். 'இன்றைக்கு ரொம்பக் குளிர்', 'அவளுக்குப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்', 'திருவிழாவுக்கு ரொம்பப் பேர் வந்தார்கள்', 'தம்பி அண்ணனைவிட ரொம்ப உயரம்', 'தேத்தண்ணீர் ரொம்பச் சூடு, இப்போது குடிக்க முடியாது'. ஐந்திலும் 'ரொம்ப' ஒன்றுதான். ஆங்கிலத்திலோ முறையே வெரி, வெரி மச், எ லொட் ஒஃப், மச், டூ என்று ஐந்து வடிவங்கள் வேண்டும். ஆகவே 'ரொம்ப' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, அது எந்தச் சொல்லின்மேல் சாய்ந்து நிற்கிறது, அந்தச் சொல் ஆங்கிலத்தில் பெயரா, வினையா, பண்புச் சொல்லா, ஒப்பீடா என்று பார்க்கப் பழக வேண்டும். முழு வழிமுறையும் இந்த ஒரு பார்வையில் அடங்கியிருக்கிறது; கீழே வருபவை எல்லாம் அதைப் பயன்படுத்தும் விதமே.

பெயர்ச்சொல்லின் முன் வராது

'வெரி' ஒரு பண்பின் அளவைக் கூட்டிச் சொல்லும் சொல். ஆகையால் அது பண்புச் சொற்களின் முன்னும், 'ஸ்லோலி', 'வெல்', 'ஓஃபன்' போன்ற வினையடைகளின் முன்னும் மட்டுமே இயல்பாக நிற்கும். 'வெரி கோல்ட்', 'வெரி ஸ்டீப்', 'வெரி ஓஃபன்' என்பன சரியானவை. இதில் நமக்குச் சிக்கல் வருவதற்குக் காரணம், தமிழில் மழை, காற்று, பனி, வலி, பசி ஆகிய பெயர்ச்சொற்களின் முன்னும் 'ரொம்ப' கூசாமல் வந்து நிற்பதுதான். 'ரொம்ப மழை' என்பதை நினைத்துக்கொண்டு 'இட் இஸ் வெரி ரெய்ன்' என்று சொல்பவரை அட்டனிலும் காணலாம், பண்டாரவளையிலும் காணலாம்.

இதைத் திருத்த இரண்டு வழிகள் உள்ளன. பெயரைப் பண்புச் சொல்லாக மாற்றிக்கொண்டால் 'வெரி' வரலாம்: 'வெரி மிஸ்ட்டி', 'வெரி விண்டி', 'வெரி பெயின்ஃபுல்', 'வெரி ஹங்ரி'. பெயரைப் பெயராகவே வைத்துக்கொள்வதானால், அந்தப் பெயருக்கு என்றே வழக்கில் உள்ள அடைமொழியைச் சேர்க்க வேண்டும். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்', மூடுபனிக்கு 'திக்', வலிக்கு 'சிவியர்' அல்லது 'பேட்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாக மனனம் செய்வதைவிட, ஊர்க் காலநிலையைப் பற்றி நாலைந்து வாக்கியங்களை எழுதிப் பார்ப்பது பயன் தரும். மேற்குச் சரிவில் உள்ள அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளுக்கு மே மாதம் முதல் தென்மேற்குப் பருவமழை வருவதையும், ஊவாப் பக்கத்துக்கு ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை வருவதையும் ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஹெவி ரெய்ன்', 'வெரி வெட்', 'ஸ்ட்ரோங் விண்ட்ஸ்' மூன்றும் தாமாகவே கைக்கு வந்துவிடும்.

எண்ணிக்கையும் அளவும் இதே வகையைச் சேர்ந்தவை. 'ரொம்பப் பேர்' என்பதை 'வெரி பீப்பிள்' என்று யாரும் சொல்வதில்லை என்றாலும், 'வெரி மச் பீப்பிள்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணக்கூடியதற்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்' என்பது விதி. ஆனால் சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் இரண்டுக்கும் பொதுவாக 'எ லொட் ஒஃப்' என்று சொல்வதே காதுக்கு இயல்பாக இருக்கும். குறைவைச் சொல்லும்போது மட்டும் 'வெரி' மீண்டும் வந்துவிடுகிறது: 'வெரி ஃபியூ' என்றால் மிகச் சிலர், 'வெரி லிட்டில்' என்றால் மிகக் கொஞ்சம்.

வினைச்சொல்லோடு 'வெரி' தனியாக நிற்காது

'ஐ வெரி லைக் திஸ் ஸ்கூல்' என்பது நம் பிள்ளைகளின் கொப்பிகளில் அடிக்கடி காணக்கூடிய வாக்கியம். 'வெரி' வினையை நேரடியாகத் தொடாது. இடையில் 'மச்' வேண்டும். அந்த 'வெரி மச்' வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் புகவும் கூடாது. 'ஐ லைக் வெரி மச் திஸ் ஸ்கூல்' என்பது தவறு. 'ஐ லைக் திஸ் ஸ்கூல் வெரி மச்' என்பதே சரி. தமிழில் 'ரொம்ப' வினைக்கு முன்னே வருவதால், அதை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோக மனம் இலேசில் சம்மதிப்பதில்லை. வாக்கியத்தை முதலில் 'ரொம்ப' இல்லாமலேயே முழுமையாகச் சொல்லிவிட்டு, முடிந்த இடத்தில் 'வெரி மச்' என்று சேர்த்தால் இந்தத் தயக்கம் தீரும்.

கடிதங்களில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. 'ஐ வெரி மச் ஹோப்', 'வி வெரி மச் ரிக்ரெட்', 'ஐ வுட் வெரி மச் அப்ரிஷியேட்' ஆகிய தொடர்களில் 'வெரி மச்' வினைக்கு முன்னால் வரும். இவை பணிவும் சற்று விறைப்பும் கலந்த எழுத்து நடைக்கு உரியவை. கடையிலோ பஸ்ஸிலோ இப்படிப் பேசினால் விண்ணப்பப் படிவம் ஒன்று வாய் திறந்து பேசுவதுபோல் இருக்கும்.

எல்லா வினைகளுக்கும் 'வெரி மச்' பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. விருப்பம், நன்றி, மகிழ்ச்சி, ஏக்கம் போன்ற உணர்வுகளைச் சொல்லும் வினைகளுக்கு அது நன்றாக ஒத்துவரும். உடலால் செய்யும் வேலைகளுக்கு ஒத்துவராது. 'அம்மா ரொம்ப வேலை செய்கிறார்' என்பதற்கு 'ஷி வர்க்ஸ் வெரி ஹார்ட்', 'அக்கா ரொம்ப வேகமாகக் கொழுந்து பறிப்பார்' என்பதற்கு 'ஷி பிளக்ஸ் வெரி ஃபாஸ்ட்', 'நேற்று ரொம்ப மழை பெய்தது' என்பதற்கு 'இட் ரெய்ண்ட் ஹெவிலி' அல்லது 'இட் ரெய்ண்ட் எ லொட்', 'அவர் ரொம்பப் பேசுவார்' என்பதற்கு 'ஹி டோக்ஸ் எ லொட்' என்று வர வேண்டும். நன்றி சொல்லும்போது 'தேங்க் யூ வெரி மச்' என்பதே முறை. 'வெரி தேங்க்ஸ்' என்று ஆங்கிலத்தில் இல்லை, வேண்டுமானால் 'மெனி தேங்க்ஸ்' என்று எழுதலாம்.

வினையிலிருந்து பிறந்து பண்புச் சொல்லாகவே பழகிவிட்டவை வேறொரு கூட்டம். 'டயர்ட்', 'வரீட்', 'இன்ட்ரெஸ்ட்டட்' ஆகியவற்றின் முன் 'வெரி' தாராளமாக வரும். ஆனால் சேதத்தையும் காயத்தையும் குறிப்பவற்றுக்கு 'பேட்லி' என்ற சொல்லே வழக்கு. மண்சரிவில் லயன் வீடுகள் கடுமையாகச் சேதமடைந்ததை நிவாரணம் கோரும் கடிதத்தில் எழுத நேர்ந்தால், 'வெரி டெமேஜ்ட்' என்று எழுதாமல் 'பேட்லி டெமேஜ்ட்' என்று எழுதுவதே வாசிக்கும் அலுவலருக்கு நிலைமையின் கடுமையைச் சரியாக உணர்த்தும்.

'டூ' சொன்னால் ஒரு கதவு மூடுகிறது

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏனெனில் மற்ற இடங்களில் பிழை விட்டால் கேட்பவர் மனத்துக்குள் திருத்திக்கொள்வார். இங்கே பிழை விட்டால் அவர் வேறொரு செய்தியை விளங்கிக்கொண்டு அதன்படி நடந்துவிடுவார். 'வெரி' என்பது அளவு பெரியது என்று மட்டும் சொல்கிறது. 'டூ' என்பது அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று நடக்காது அல்லது நடக்கக் கூடாது என்று சொல்கிறது.

சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறும் வெளிநாட்டுப் பயணி ஒருவர், பருவகாலம் முடிந்த பிறகு, மழை நாளில் வந்து வழி விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'த ஸ்டெப்ஸ் ஆர் வெரி ஸ்லிப்பரி' என்று நீங்கள் சொன்னால், கவனமாகப் போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு அவர் ஏறத் தொடங்குவார். 'த ஸ்டெப்ஸ் ஆர் டூ ஸ்லிப்பரி' என்று சொன்னால், இன்று போகக் கூடாது என்று எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்புவார். தமிழில் இரண்டுக்குமே 'படி ரொம்ப வழுக்குது' என்றுதான் நாம் சொல்வோம். தடுப்பதா எச்சரிப்பதா என்பதைக் குரலும் முகமும் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் சொல்லின் தலையில் விழுகிறது.

எனவே 'டூ' போடுவதற்கு முன்னால், 'அதனால் என்ன முடியாது?' என்ற கேள்வியை உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் 'டூ', இல்லையென்றால் 'வெரி'. பதிலை அதே வாக்கியத்திலேயே சேர்த்துச் சொல்லவும் முடியும். 'திஸ் பேக் இஸ் டூ ஹெவி டு கேரி' என்றால் தூக்க முடியாத அளவு பாரம். 'த ரோட் இஸ் டூ நரோ ஃபொர் எ பஸ்' என்றால் பஸ் போக முடியாத அளவு ஒடுக்கம். இந்த வாக்கியங்களில் 'முடியாது' என்பதற்குத் தனிச்சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மறுப்பு 'டூ' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 'டூ ஹெவி டு நொட் கேரி' என்று இன்னொரு மறுப்பைச் செருகத் தேவையில்லை.

விடுதிகளில் வேலை செய்வோர் இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டிலும் இந்தியாவிலும் பாராட்டுவதற்கு 'டூ குட்' என்று சொல்லும் பழக்கம் உண்டு. நம்மவருக்கு அது நன்றாக விளங்கும். ஆனால் அந்தப் பழக்கத்தை மற்றச் சொற்களுக்கும் நீட்டி, 'த ரூம்ஸ் ஆர் டூ பிக்' என்று ஒரு பயணியிடம் பெருமையாகச் சொன்னால், அறை அளவுக்கு மீறிப் பெரியதாக இருப்பது ஒரு குறை என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக அவர் எண்ணுவார். நல்லதைச் சொல்லும்போது 'வெரி' போதும்.

விளைவைத் தனி வாக்கியமாகவே சொல்ல விரும்பினால் மூன்றாவதாக ஒரு சொல் வருகிறது. 'குளிர் ரொம்ப இருந்ததால் தூங்க முடியவில்லை' என்பதை 'இட் வோஸ் வெரி கோல்ட் தட் ஐ குட் நொட் ஸ்லீப்' என்று எழுதுவது பரவலான பிழை. 'தட்' என்று தொடரப்போகும் வாக்கியத்தில் 'வெரி' வராது. 'இட் வோஸ் ஸோ கோல்ட் தட் ஐ குட் நொட் ஸ்லீப்' என்று 'ஸோ' வர வேண்டும்.

ஒப்பிடும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'டோலர்', 'ஹையர்', 'பெட்டர்', 'மோர் பியூட்டிஃபுல்' போன்ற ஒப்பீட்டு வடிவங்களின் முன் 'வெரி' வரவே வராது. 'மச்' அல்லது 'ஃபார்' வரும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகல மலையையும் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையையும் ஒப்பிடுவதானால், முன்னது பின்னதைவிட 'மச் ஹையர்' என்று சொல்ல வேண்டும். வேறுபாடு சிறியதாக இருந்தால் 'எ லிட்டில் ஹையர்' அல்லது 'ஸ்லைட்லி ஹையர்' என்று சொல்லலாம்.

ஆனால் 'பெஸ்ட்', 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்' போன்ற முடிவான சொற்களோடு 'வெரி' வரும். அப்போது அதன் முன்னே 'த' அல்லது 'மை', 'ஹிஸ்' போன்ற உடைமைச் சொல் இருக்க வேண்டும். 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வணிக நோக்கோடு தேயிலை பயிரிட்டதைக் குறிப்பிடும்போது, அது 'த வெரி ஃபர்ஸ்ட்' என்று எழுதினால், அதற்கு முன் அப்படி ஒன்று இருக்கவில்லை என்ற அழுத்தம் கிடைக்கும்.

உச்சிக்குப் போய்விட்ட சொற்கள்

சில பண்புச் சொற்கள் 'மிக' என்ற பொருளைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 'ஃப்ரீசிங்' என்றாலே உறையும் குளிர். 'ஹியூஜ்' என்றாலே மிகப் பெரியது. 'எக்ஸலன்ட்' என்றாலே மிகச் சிறப்பானது. இவற்றின் முன் 'வெரி' சேர்ப்பது கூறியது கூறலாகிவிடும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படிகின்ற விடியற்காலையைச் சொல்வதானால், 'வெரி கோல்ட்' என்று சொல்லலாம், அல்லது 'அப்சலூட்லி ஃப்ரீசிங்' என்று சொல்லலாம். 'வெரி ஃப்ரீசிங்' என்று சொல்ல வேண்டாம். எது எதனோடு சேரும் என்ற ஐயம் வந்தால் 'ரியலி' என்ற சொல் இரு பக்கத்துக்கும் பொருந்தும். பேச்சில் அதுவே பாதுகாப்பானது. அலுவலகக் கடிதத்தில் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கட்டுரை எழுதும் மாணவர்கள் ஒரு பந்தியை எழுதி முடித்ததும், அதில் உள்ள 'வெரி'களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் அடுத்துள்ள சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். 'வெரி ஸ்மோல்' என்பது 'டைனி' ஆகும், 'வெரி டயர்ட்' என்பது 'எக்ஸோஸ்ட்டட்' ஆகும். எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. எளிய சொல் வேண்டிய இடத்தில் 'வெரி டயர்ட்' என்பதில் குறை எதுவும் இல்லை. ஒரே பந்தியில் வரிக்கு வரி வரும்போதுதான் அந்தச் சொல்லின் வலு போய்விடுகிறது.

தூக்கத்தைக் குறிக்கும் 'அஸ்லீப்' என்ற சொல்லுக்கு 'ஃபாஸ்ட்', விழிப்பைக் குறிக்கும் 'அவேக்' என்ற சொல்லுக்கு 'வைட்', தனிமையைக் குறிக்கும் 'அலோன்' என்ற சொல்லுக்கு 'ஓல்' என்று தனித் துணைகள் உண்டு. இவற்றுக்குக் காரணம் தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்வதே சுலபம்.

'நொட் வெரி குட்' என்றால் மோசம்

'நொட் வெரி குட்' என்பதைக் கணக்குப் போல் எடுத்துக்கொண்டால், மிக நன்றாக இல்லாவிட்டாலும் ஓரளவு நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நாகரிகமாகச் சொல்லப்படும் கண்டனம். நாம் முகத்துக்கு நேரே 'மோசம்' என்று சொல்லக் கூசி 'அவ்வளவாக நன்றாக இல்லை' என்று இழுப்பதற்கு ஒப்பானது. மேலாளர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்து இப்படிச் சொன்னால், பாராட்டு என்று எண்ணி நகர்ந்துவிட வேண்டாம். இதற்கு மாறாக 'நொட் டூ பேட்' என்பது பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்ற பொருளைத் தரும். மறுப்பின் இடமும் முக்கியமானது: 'நொட்' முன்னே, 'வெரி' பின்னே. 'வெரி நொட் குட்' என்று மாற்றி வைக்கக் கூடாது.

பழைய பொருள் இன்னும் எஞ்சியிருக்கும் இடம்

'வெரி' என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர், உண்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல். உண்மையா என்று சரிபார்ப்பதைக் குறிக்கும் 'வெரிஃபை', நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும் 'வேர்டிக்ட்' ஆகியவையும் அதே குடும்பத்தில் பிறந்தவை. கிறிஸ்தவர்களின் நைசீன் விசுவாசப் பிரமாணத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் வரும் 'வெரி கோட்' என்ற தொடருக்கு 'மெய்யான கடவுள்' என்பதே பொருள். மெய்யான, சரியான என்ற பொருளில் இருந்த சொல் காலப்போக்கில் மிகுதியைக் குறிக்கத் தொடங்கியது என்பது நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை; இலங்கைத் தமிழில் நாமும் 'சரியான குளிர்', 'சரியான கூட்டம்' என்று சொல்லும்போது 'சரி' என்ற சொல்லை அதே வழியில்தான் நடத்துகிறோம்.

அந்தப் பழைய பொருள் 'த வெரி', 'திஸ் வெரி', 'தட் வெரி' என்ற தொடர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கே 'வெரி' பெயர்ச்சொல்லின் முன்னே நிற்கலாம். 'பெயரின் முன் வராது' என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. பொருள் மிகுதி அன்று. நம் ஏகாரம் தருகின்ற தேற்றப் பொருள், அதாவது உறுதிப்படுத்திச் சொல்லும் பொருள். 'தட் வெரி டே' என்றால் அன்றே, 'திஸ் வெரி ஹவுஸ்' என்றால் இதே வீடு, 'அட் த வெரி டொப்' என்றால் உச்சியிலேயே. எழுதும்போது, தமிழில் ஏகாரம் போட்டு அழுத்திச் சொல்லத் தோன்றும் இடத்தில் இந்த வடிவத்தைப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆனால் அளவோடு பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சாதாரணப் பேச்சில் 'த சேம்' என்பதே போதுமானது. துரைமார் காலத்திலிருந்து நம் காதில் விழுந்துவரும் 'வெரி வெல்' என்பதும், 'மிக நன்றாக' என்ற பொருளோடு, 'சரி, அப்படியே ஆகட்டும்' என்ற சம்மதத்தையும் குறிக்கும். எந்தப் பொருள் என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

உச்சரிப்பு

அந்த 'வெரி வெல்' உச்சரிப்புப் பயிற்சிக்கும் மிகவும் உகந்த தொடர். தமிழில் இரண்டையும் 'வ' என்றே எழுதினாலும், ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு ஒலிகள். முதல் சொல்லைத் தொடங்கும்போது மேற்பற்கள் கீழுதட்டை மெல்லத் தொட்டு, காற்று அந்த இடைவெளியில் உரசிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது சொல்லைத் தொடங்கும்போது பல் உதட்டில் படவே கூடாது; ஊதப் போவதுபோல் உதடுகள் குவிந்து விரிய வேண்டும். கண்ணாடியின் முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பழகினால் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். நடுவில் வரும் ரகரத்தை இலேசாகச் சொல்ல வேண்டும்; அழுத்தி வல்லின றகரமாக்கினால், குடித்துவிட்டு ஆடுகின்றவரைப் பற்றி ஊரில் சொல்லும் 'வெறி' ஆகிவிடும். அழுத்தம் கொடுக்க வேண்டுமானால் முதல் அசையை நீட்டிச் சொல்லுங்கள். அப்படி நீட்டினால் பேச்சில் 'வெரி வெரி' என்று இரட்டிக்க வேண்டிய தேவையும் குறையும்.